சேத் அண்ணாச்சியை முன்னால விடலாமா, உட்கார வைக்கணுமா? ஃபயர் எம்பளம்: கஷ்ட நிலையும் யூனிட் சமநிலையும்

#1 பாளை_வாள்வீரன்

ஃபயர் எம்பளம் வரிசையில சேக்ரட் ஸ்டோன்ஸ் ஆட்டத்தைப் புதுசா ஆட வர்றவங்களுக்கு எல்லாரும் சொல்ற முதல் புத்திமதி, "சேத்தை முன்னால விடாதே, எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) பூராவும் தின்னுருவான்." சேத் தொடக்கத்துலயே பதவி உயர்ந்து வர்ற பாலடின், அதாவது குதிரைவீரன். இந்தப் பேச்சுக்கு வேர் 1990-ல வந்த முதல் ஆட்டத்துல இருக்கு. அதுல ஜேகன்னு ஒரு பாலடின். ஆரம்பத்துல எல்லாரையும் விட பலசாலி, போகப் போக வளரமாட்டார். அவர் பேரே அந்த ரகத்துக்குப் பேராயிட்டு. நாம இங்க 'அண்ணாச்சி யூனிட்'னு சொல்லுவோம். ஆரம்பத்துல கல்லாவுல அண்ணாச்சி உட்காருவாரு, பிறகு பயலுவ கடையைப் பார்த்துக்கிடணும்.

ஆனா சேத் அந்தக் கணக்குக்குள்ள வரமாட்டான். வளர்ச்சி வீதத்தைப் பாருங்க, அதாவது லெவல் ஏறும்போது ஒவ்வொரு ஸ்டாட்டும் கூட நூத்துக்கு எத்தனை வாய்ப்புன்னு. ஹெச்பி 90, பலம் 50, திறன் 45, வேகம் 45, அதிர்ஷ்டம் 25, காப்பு 40, மந்திரக் காப்பு 30. அதுக்கு முந்தின ஆட்டமான பிளேசிங் பிளேட்ல வர்ற அண்ணாச்சி மார்க்கஸ்: ஹெச்பி 65, பலம் 30, திறன் 50, வேகம் 25, அதிர்ஷ்டம் 30, காப்பு 15, மந்திரக் காப்பு 35. பத்து லெவல் ஏறினா மார்க்கஸுக்கு வேகம் சராசரி 2.5 கூடும், சேத்துக்கு 4.5. பின்னால குதிரையில வர்ற ஃபிரான்ஸை விடவே சேத்துக்குப் பலமும் காப்பும் நல்லா வளருது. ஃபிரான்ஸுக்கு அது 40, 25 தான்.

அப்போ என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, சேத்தை உட்கார வைக்கிறதுல ஏதாவது நியாயம் இருக்கா? ரெண்டாவது, ஒரே யூனிட் தனியா மேப்பை முடிச்சிருதான்னா அது யூனிட்டோட குறையா, கஷ்ட நிலையோட குறையா?

#2 அம்பை ஈட்டி

எக்ஸ்பி விஷயத்தை முதல்ல முடிச்சிருவோம் வே. கொல்லாம சும்மா அடிச்சா கிடைக்குத எக்ஸ்பி கணக்கு இது: 31-ஓட எதிரி லெவலைக் கூட்டி, நம்ம லெவலைக் கழிச்சு, 3-ஆல வகுக்கணும். பதவி உயர்ந்தவன்னா லெவலோட 20 சேர்த்துக்கிடணும். லெவல் 1 ஃபிரான்ஸ் லெவல் 1 கோடாரிக்காரனை அடிச்சா 31-ஐ 3-ஆல வகுத்து 10. சேத் அடிச்சா 31+1-21, அதாவது 11, அதை வகுத்தா 3. கொன்னா அதுக்கு மேல தனிக்கணக்கு, அதுலயும் சேத்துக்குக் குறைவுதான்.

ஆக, அவன் ஒண்ணும் தின்னலை. சின்னப்பயலுவளுக்குப் போக வேண்டியது வீணாப்போகுது, அவ்வளவுதான். அதுவும் சேக்ரட் ஸ்டோன்ஸ்ல எக்ஸ்பிக்குப் பஞ்சமே கிடையாது. உலக வரைபடத்துல சில்லறைச் சண்டை வந்துக்கிட்டே கெடக்கு, வல்னி கோபுரம் வேற இருக்கு. ஆத்துல தண்ணி ஓடுதப்ப குடத்தை அளந்து ஊத்துத மாதிரி.

இன்னொண்ணு யாரும் சொல்லமாட்டாங்க. சேத்தோட உடற்கட்டு 11. ஜாவலின் எடை 11. அவன் கையில ஜாவலின் ஒரு புள்ளி வேகத்தைக் கூட குறைக்காது. ஃபிரான்ஸுக்கு உடற்கட்டு 9, வேகம் 7, ஜாவலின் எடுத்தா 5 ஆயிரும். வனெஸாவுக்கு உடற்கட்டு 5, வேகம் 11, அவளும் ஜாவலினோட 5-தான். பக்கத்துல நிக்கவனையும் ரெண்டு கட்டம் தள்ளி நிக்கவனையும் திருப்பி அடிக்க முடியுத ஆயுதம் அது. எதிரி முறையில நாலு பேர் வந்து மோதினா நாலு பேருக்கும் பதிலடி. சேத்தோட பவிசு வளர்ச்சி வீதத்துல பாதி, உடற்கட்டுல பாதி.

#3 சாரல்77

இந்த எடை விஷயம் புரியலை. ஸ்டீல் வாள் அயர்ன் வாளை விட நல்லதுதானே? பவர் அதிகம்.

#4 அம்பை ஈட்டி

அதுலதான் பாதிப்பேர் சறுக்குதாங்க. ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்) ஆட்டங்கள்ல ஆயுத எடை உடற்கட்டை விட எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வேகம் போகும். சேக்ரட் ஸ்டோன்ஸ் நாயகி எய்ரிகாவுக்கு வாள்ல டி ரேங்க் வந்து ஸ்டீல் வாள் பிடிக்குதான்னு வச்சுக்கிடுங்க. பலம் 6, வேகம் 11, உடற்கட்டு 5. எதிர்ல நிக்கவனுக்குக் காப்பு 4, வேகம் 5.

அயர்ன் வாள்: பவர் 5, எடை 5. வேகம் குறையாது. 11-க்கும் 5-க்கும் 6 வித்தியாசம், ரெண்டு அடி. 6+5-4, அடிக்கு 7. மொத்தம் 14.

ஸ்டீல் வாள்: பவர் 8, எடை 10. வேகம் 6 ஆயிரும். 1 வித்தியாசம்தான், ஒரே அடி. 6+8-4, மொத்தம் 10. ஹிட்டும் (அடி விழுத வாய்ப்பு) 90-ல இருந்து 75-க்கு இறங்கிட்டு. இதுல இன்னொரு கேடு, வேகம் 10 உள்ளவன் வந்தா அவன் நம்மளை ரெண்டு அடி அடிப்பான். 46 தடவை வரவேண்டிய வாளுக்குப் பதிலா 30 தடவை வர்ற வாள், கூடுதல் காசு, குறைஞ்ச அடி.

அஞ்சு வித்தியாசம் இருந்தாத்தான் டபுள் அடி விழும், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க.

#5 கடனாநதி

ஈட்டி, கடைசி வரி தப்பு. ஜிபிஏ மூணு ஆட்டத்திலும் 4 வித்தியாசம் போதும். த்ரீ ஹவுசஸிலும் 4. அவேக்கனிங், ஃபேட்ஸ், எங்கேஜ் இந்த மூணிலும்தான் 5. நீங்களே போட்ட உதாரணத்தில் 10-க்கும் 6-க்கும் 4 தான் வித்தியாசம், ரெண்டு அடின்னு எழுதியிருக்கீங்க.

#6 அம்பை ஈட்டி

சரிதான். எங்கேஜ் ஆடுத கையோட எழுதிட்டேன். 4-னே வச்சுக்கிடுங்க.

#7 கடனாநதி

பாளையின் ரெண்டாவது கேள்விக்கு வருகிறேன். சேத்தை அப்படியே தூக்கி பைண்டிங் பிளேட் ஆட்டத்தின் ஹார்ட் நிலையில் வைத்தால் அவன் நல்ல யூனிட், அவ்வளவே. தனியாக மேப்பை முடிக்கமாட்டான். காரணம் எதிரியின் எண்கள். சேக்ரட் ஸ்டோன்ஸில் எதிரிகளுக்கு வேகமும் காப்பும் மெதுவாகத்தான் ஏறும். பைண்டிங் பிளேடில் எதிரி நம் ஆளை விடப் பலசாலி, நம் ஆயுதங்களுக்கு ஹிட் குறைவு, பாஸ் சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் அவாய்டில் (அடியிலிருந்து தப்பும் எண்) 30 கூடும்.

அங்கே அண்ணாச்சி மார்க்கஸ் தொடக்கப் பலம் வெறும் 9. ஆனாலும் முதல் சில அத்தியாயங்களை அவர் இல்லாமல் தாண்டுவது கடினம். அவர் கொல்வதற்கு இல்லை. எதிரியை ஒரு அடியில் சாகும் நிலைக்குக் கொண்டுவந்து பிறரிடம் கொடுப்பதற்கு. வெள்ளி ஈட்டியைக் கழற்றிவிட்டு அயர்ன் வாள் கொடுத்தால் அந்த வேலைக்குச் சரியாக இருக்கும்.

அந்த ஆட்டத்தின் சமநிலை முழுக்க ஒரு விசித்திரத்தில் தொங்குகிறது. ஹார்டில் எதிரிகளுக்குக் கூட்டிய ஸ்டாட், எதிரியாக வந்து பிறகு நம்மிடம் சேருகிறவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். நாலாவது அத்தியாயத்தில் கிளாரீன் பேசிச் சேர்க்கும் ரட்கர் இதற்கு நல்ல உதாரணம். ஏற்கெனவே வேகக்காரன், கையில் கில்லிங் எட்ஜ், மேலே ஹார்ட் கொசுறு வேறு. ஸ்வோர்ட்மாஸ்டர் ஆனதும் கிரிட் (மூணு மடங்கு அடி விழும் வாய்ப்பு) 30 கூடுகிறது. சிம்மாசன பாஸ்களுக்கு அவன்தான் மருந்து. மிலேடி, பெர்சிவல், ஃபிர் எல்லாருக்கும் இதே கொசுறு. எட்டாவது அத்தியாயத்தில் லெவல் 1-ஆக வரும் வெண்டிக்கும், பதினாலாவதில் பாலைவனத்தின் நடுவே லெவல் 1-ஆக வரும் சோஃபியாவுக்கும் ஒன்றும் கிடையாது. அதாவது கஷ்ட நிலை ஏற ஏற நல்லவன் இன்னும் நல்லவனாகிறான், மோசமானவன் அங்கேயே கிடக்கிறான். கஷ்ட நிலையைத் தொட்டால் சமநிலையும் சேர்ந்து அசையும். இரண்டையும் தனித்தனிக் கேள்வியாகக் கேட்க முடியாது.

#8 சாரல்77

பைண்டிங் பிளேட்ல 75 காட்டுது, ஆனா 75 மாதிரி இல்லையே. அடிக்கடி விழுது. 30 காட்டுற எதிரி அடி பெரும்பாலும் தப்புது. கேம் நமக்குச் சாதகமா ஏமாத்துதா?

#9 பாளை_வாள்வீரன்

ஏமாத்துதுதான், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. பைண்டிங் பிளேட்ல இருந்து ஹிட்டுக்கு ஒரு ராண்டம் எண்ணுக்குப் பதிலா ரெண்டு எடுத்து சராசரி பார்க்குது. 0 முதல் 99 வரை ரெண்டு எண். சராசரி, காட்டுற ஹிட்டை விடக் குறைவா இருந்தா அடி விழும். அதனால 50-க்கு மேல உள்ளது மேலே ஏறும், கீழே உள்ளது கீழே இறங்கும். 90 காட்டினா உண்மையில 98.1. 80-க்கு 92.2. 75-க்கு 87.75. 70-க்கு 82.3. 50-க்கு 50.5. 30-க்கு 18.3. 20-க்கு 8.2. 10-க்கு 2.1.

நடைமுறையில இதுக்கு என்ன அர்த்தம்னா, அவாய்டு நிறைய உள்ள யூனிட் எண்ணைப் பார்த்தா தெரியுறதை விட பத்திரம். எதிரி ஹிட்டை 40-ல இருந்து 30-க்கு இறக்கினா உண்மையில 32.4-ல இருந்து 18.3-க்கு இறங்குது, கிட்டத்தட்ட பாதி. ஒரு காட்டுக் கட்டத்துல நிக்க வைக்கிறது அவ்வளவு பெரிய லாபம்.

கிரிட்டுக்கு இது கிடையாது, ஒரே எண்தான். 3 காட்டினா நிஜமாவே 3. அதனாலதான் 'வெறும் 3 தானே'ன்னு விட்ட இடத்துல ஆள் போயிருவான். ஃபேட்ஸ்ல முறை மாறிட்டு. 50-க்குக் கீழ காட்டுறது அப்படியே நிஜம், மேல மட்டும்தான் சாதகம். ஜிபிஏ பழக்கத்துல '30 தானே, தப்பிச்சிருவான்'னு ஃபேட்ஸ்ல நம்பினா மாட்டிக்கிடுவீங்க.

#10 தேரடி

ஃபேட்ஸ் பேச்சு வந்துட்டுல்லா, நான் இறங்குதேன். இந்த வரிசையிலயே எதிரியோட எண்களை ஊதிப் பெருக்காம, மேப்பால கஷ்டம் கொடுத்தது ஃபேட்ஸோட மூணு கிளையில ஒண்ணான கான்க்வெஸ்ட் ஒண்ணுதான். இதுல எனக்கு மாத்துக்கருத்தே கிடையாது.

பத்தாவது அத்தியாயத்தை எடுத்துக்கிடுங்க. துறைமுகத்தை 11 டேர்ன் காக்கணும். குறிச்ச கட்டத்துல ஒரு எதிரி கால் வச்சாலும் தோல்வி. முதல்ல பார்க்கையில சுலுவாத் தெரியும். நடுவுல தண்ணி, வழி நாலஞ்சு சந்துதான். ஒவ்வொரு சந்துலயும் ஒருத்தனை அடைச்சா சோலி முடிஞ்சுன்னு தோணும். ஏழாவது டேர்ன்ல எதிரித் தலைவன் டகுமி டிராகன் வெயினை (மேப்பையே மாத்துத மந்திரக் கட்டம்) மிதிச்சு தண்ணியை வத்த வச்சிருவான். தாமிரபரணி வத்திட்டா சுலோசன முதலியார் பாலத்தைக் காவல் காத்து என்ன பிரயோசனம்? ஆத்துக்குள்ள இறங்கி நடந்து வாரான். அதுதான் அந்த மேப்பு.

அதனால செய்ய வேண்டியது இதுதான். முதல் ஆறு டேர்ன் 'தாங்குத' டேர்ன் இல்லை, 'குறைக்குத' டேர்ன். எதிரித் தளபதிங்க ஹினாட்டா பக்கம், ஓபோரோ பக்கம் ரெண்டுல ஒண்ணையாவது ஏழுக்குள்ள காலி பண்ணிரணும். பலிஸ்டாவும் நெருப்புக்கோளமும் மேப்புலயே கெடக்கு, வேற வேலை இல்லாத ஆளை அதுல ஏத்துங்க. கமில்லா நடுவுல வந்து சேருவா. அவளை ஒரு சந்துல அடைச்சு வைக்கதுதான் பெரிய தப்பு. பறக்குதவளைச் சந்துல நிறுத்தினா தண்ணி வத்துதப்ப எந்தப் பக்கம் ஓட்டை விழுதோ அங்க அனுப்ப ஆள் இருக்காது. வீடுகளுக்குள்ள போகணும்னா ஆறுக்குள்ள போயிட்டு வந்துருங்க.

நம்ம ஆனித்தேர்ல பாருங்க, அம்புட்டுப் பேர் வடம் பிடிச்சாலும் தேரைத் திருப்புதவன் சக்கரத்துக்கு அடியில சறுக்குக்கட்டை போடுதவன்தான். கட்டை ஒரு விரல் தள்ளி விழுந்தா தேர் வேற பக்கம் போகும். கான்க்வெஸ்ட்ல யூனிட்டை நிறுத்துதது அந்த மாதிரி, ஒரு கட்டம் தள்ளி நின்னா டேர்ன் போச்சு.

#11 கடனாநதி

கான்க்வெஸ்ட் பற்றிச் சொன்னது சரி. சேத் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. அங்கே உலக வரைபடச் சண்டை இல்லை, எக்ஸ்பி நிஜமாகவே அளந்து ஊற்றுகிற குடம். அப்படியும் கமில்லாவை யாரும் உட்கார வைப்பதில்லை. பதவி உயர்ந்தே வருகிறாள், பறக்கிறாள், பலசாலி. ஆனால் தனி ஆளாக எதிரிக்கூட்டத்துக்குள் விட்டால் நிற்கமாட்டாள். எதிரிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று சேர்ந்து அடிப்பார்கள். கூட நிற்பவனின் அடி பாதி சேதம்தான், ஆனால் நாலு பேருக்கு நாலு பாதி. ஜோடி சேர்த்தால் அந்தக் கூட்டு அடி விழாது. அடி நடக்கும்போதெல்லாம் கேடயக் கணக்கில் 2 ஏறும், 10 நிறைந்தால் அடுத்த அடி முழுக்கத் தடுக்கப்படும். ஆனால் ஜோடி சேர்த்தால் நம் ஆள் ஒருவர் குறைகிறார். எதை எங்கே கொடுப்பது என்பதுதான் ஆட்டம்.

#12 மணிமுத்தாறு மந்திரவாதி

கோட்டி மோட் பத்தி யாரும் பேசலையே? லூனட்டிக்கை நம்ம ஊர்ப் பேர்ல சொல்லுதேன், அதுதான் பொருத்தம்.

அவேக்கனிங் லூனட்டிக்+ என் பார்வையில வடிவமைப்பே இல்லை. எதிரிக்கு எப்பவும் அடி விழுற ஹாக்ஐ, காப்பைப் பாதியாக்குற லூனா+, நம்ம வாள், ஈட்டி, கோடாரி சேதத்தைப் பாதியாக்குற பவிஸ்+, எப்பவும் முந்தி அடிக்கிற வான்டேஜ்+, இதெல்லாம் யாருக்கு எது வரும்னு குலுக்கல். அத்தியாயத்தைத் திரும்பத் தொடங்கினா வேற குலுக்கல். நல்ல குலுக்கல் வர்ற வரைக்கும் திரும்பத் தொடங்குறதுதான் உத்தின்னா அதை உத்தி ஆட்டம்னு எப்படிச் சொல்ல? சாதா லூனட்டிக் பரவாயில்லை. அதுல முதல் ரெண்டு மூணு அத்தியாயம் பூராவும் ஃபிரெடரிக் தோள்லதான். அவனை உட்கார வச்சா முகப்பு அத்தியாயத்தையே தாண்ட மாட்டீங்க. அண்ணாச்சி யூனிட் வேண்டாங்கிறவங்க அதை ஒருக்க ஆடிப் பார்க்கணும்.

இதுக்கு எதிர்மாறா நியூ மிஸ்டரியோட லூனட்டிக் ரிவர்ஸ். 2010-ல வந்தது. விதி ஒண்ணே ஒண்ணுதான்: நம்ம முறையிலயும் எதிரிதான் முதல்ல அடிப்பான். குலுக்கல் கிடையாது. எதிரி எட்ட முடியாத தூரத்துல இருந்து அடிச்சா அந்த விதி செத்துப்போகும். அதனால வில்லாளியும் மந்திரக்காரனும் திடீர்னு தங்கமாயிருதாங்க. ஒரே வரி விதி, யூனிட் மதிப்பு மொத்தமும் தலைகீழ். கஷ்டம்னா இப்படி இருக்கணும்.

த்ரீ ஹவுசஸோட உச்சக் கஷ்ட நிலையான மேடனிங் நடுவாந்திரம். ஆட்டம் வந்தது 2019 ஜூலை, மேடனிங் செப்டம்பர்ல அப்டேட்டா வந்தது. அதுல புதுப்படை வந்த டேர்ன்லயே நகர்ந்து அடிக்கும். வருதுன்னு தெரியாம பின்னால நிறுத்தின ஹீலர் போயிருவா. இது எனக்குப் பிடிக்காது. ஆனா வேகத்தைத் தூக்கி வச்சதுல ஒரு நல்லது நடந்திருக்கு. நம்ம ஆள் யாரும் டபுள் அடி அடிக்க முடியாததால, வேகமே தேவையில்லாத உத்திகளுக்கு மவுசு வந்துட்டு. ஸ்னைப்பரோட ஹன்டர்ஸ் வாலி அதுல ராசா. வேகம் என்னவா இருந்தாலும் ரெண்டு அம்பு, 2-3 கட்ட தூரம்.

பெர்னடெட்டா, ஆஷ், இக்னாட்ஸ் யாருக்கும் இதே வழிதான். லெவல் 10-ல இன்டர்மீடியட் சீல் (வகுப்பு மாத்துற முத்திரை) போட்டு பிரிகண்ட் வகுப்பு, அதுக்குக் கோடாரி சி ரேங்க் வேணும், அதனால முதல் மாசத்துல இருந்தே வில்லோட கோடாரியையும் இலக்கா வைங்க. பிரிகண்டை முழுசா முடிச்சா டெத் ப்ளோ, நாமளா அடிக்கப் போகும்போது பலம் 6 கூடும். லெவல் 20-ல அட்வான்ஸ்டு சீல், ஸ்னைப்பர், வில் ஏ ரேங்க். அதையும் முழுசா முடிச்சாத்தான் ஹன்டர்ஸ் வாலி. ஸ்னைப்பர் வகுப்புல இருந்தாத்தான் வேலை செய்யும், அதை வாங்கிட்டு வேற வகுப்புக்குத் தாவிட்டு 'காணோமே'ன்னு தேடாதீங்க. ஆயுதம் சீக்கிரம் தேயும், அயர்ன் வில் ரெண்டு மூணு கைவசம் வச்சுக்கிடுங்க.

#13 தேரடி

கான்க்வெஸ்ட்லயும் ஒரு குறை சொல்லணும்னா கடைசி அத்தியாயங்கள்ல தடிக்காரனுவ. ஃப்ரீஸ், என்ட்ராப், ஹெக்சிங்னு தூரத்துல இருந்தே ஆளைக் கட்டி, இழுத்து, ஹெச்பியைப் பாதியாக்கி... சவத்த, அதுல உத்தி ஒண்ணும் இல்லை.

#14 பாளை_வாள்வீரன்

பேர்லயும் ஒரு குழப்பம் உண்டு. ரேடியன்ட் டான் ஜப்பான்ல நார்மல், ஹார்டு, மேனியாக். வெளியூர்ல அதையே ஈசி, நார்மல், ஹார்டுன்னு விட்டாங்க. 'நார்மல்தானே'ன்னு தொடங்கினவங்க விடியல் படையோட முதல் அத்தியாயங்கள்ல அடி வாங்கினதுக்கு அது ஒரு காரணம். ஹார்டுல எதிரி எட்டுற தூரத்தைக் காட்டமாட்டான், ஆயுத முக்கோணமும் (வாள் கோடாரியை, கோடாரி ஈட்டியை, ஈட்டி வாளை மிஞ்சுற விதி) கிடையாது. முக்கோணத்தை எடுத்துட்டதை நான் கஷ்டம்னு எண்ணமாட்டேன். கட்டத்தை எண்ணி எண்ணிப் பார்க்க வைக்கிறது பொறுமைக்குச் சோதனை, மூளைக்கு இல்லை.

#15 இரும்புக்கோட்டை

யூனிட்டைத் தரம் பிரிச்சுப் பட்டியல் போடுறவங்க எல்லாம் 'எத்தனை டேர்ன்ல முடிக்கலாம்'னு மட்டும் பார்க்கிறீங்க. அதனால குதிரையும் பறக்கிறவனும் மேல, நடந்து போறவன் எல்லாம் கீழ. சாதாரணமா ஆடுறவனுக்கு 12 டேர்னும் ஒண்ணு, 20 டேர்னும் ஒண்ணு. என் ராஸ் பதவி உயர்ந்தா சேத்தை விட நல்லா அடிக்கிறான். அமீலியாவும் அப்படித்தான்.

#16 அம்பை ஈட்டி

ராஸ் இருபதாவது லெவல்ல நல்லா இருப்பான், யாரு இல்லைன்னா? கேள்வி அது இல்லை. ரெண்டாவது அத்தியாயத்துல அவன் என்ன பண்ணுதான்? பத்து லெவல் ஏத்தினாத்தான் ஃபைட்டரோ பைரட்டோ ஆவான். அந்தப் பத்து லெவலும் யாரோ எதிரியைச் சாகுத நிலைக்குக் கொண்டுவந்து அவன் கையில கொடுக்கணும். அந்த யாரோ சேத்துதான். அப்போ ராஸோட மார்க்குல பாதி சேத்துக்குச் சேரணும்.

சராசரி மேலயும் அம்புட்டு நம்பிக்கை வைக்காதிய. வளர்ச்சி 45 இருக்க ஸ்டாட் பத்து லெவல்ல சராசரி 4.5 ஏறும். ஆனா 2 அல்லது அதுக்குக் கீழ மட்டும் ஏறுததுக்கு வாய்ப்பு கிட்டத்தட்ட நூத்துக்குப் பத்து. பத்து பேர் ஆடினா ஒருத்தனுக்கு அந்த ஆள் சொத்தை. தொடக்க ஸ்டாட் நல்லா இருக்கவன் அந்தச் சூதாட்டத்துல இல்லை. சேத் முதல் டேர்ன்லயே பலம் 14, வெள்ளி ஈட்டி பவர் 14, மொத்தம் 28. அதுல குலுக்கல் ஒண்ணுமே கிடையாது.

#17 கடனாநதி

டேர்ன் எண்ணிக்கைப் பட்டியலை முழுசாத் தள்ளவும் வேண்டாம். சேக்ரட் ஸ்டோன்ஸுக்கு முந்தின பிளேசிங் பிளேடில் மார்க்கஸை வைத்து அடிக்கக்கூடாது என்பதற்கு ஒரு நிஜமான காரணம் இருந்தது. அங்கே ராங்கிங் உண்டு, அதில் எக்ஸ்பிக்குத் தனி மதிப்பெண், டேர்னுக்குத் தனி மதிப்பெண். எக்ஸ்பி ராங்க் வேண்டுமென்றால் மார்க்கஸ் கொல்லக்கூடாது. சேக்ரட் ஸ்டோன்ஸில் அந்த ராங்கிங்கையே எடுத்துவிட்டார்கள். விதி போய்விட்டது, புத்திமதி மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

இரும்புக்கோட்டை சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. எதிரி முறையில் தனி ஆள் நின்று எல்லாரையும் கொல்லக்கூடிய ஆட்டத்தில், நகரும் தூரமும் ஜாவலினும்தான் மதிப்பு. நம் முறையில்தான் கொல்லமுடியும் என்கிற ஆட்டத்தில் வேறு ஆட்கள் மேலே வருவார்கள். எங்கேஜை அதற்காகவே கவனித்துப் பார்க்க வேண்டும்.

#18 நெறியாளர்

கடைசி அத்தியாயக் கதையை உடைக்காம பேசுங்க. எந்த ஆட்டம்னு பேர் போட்டு எழுதுங்க, எண் மட்டும் போட்டா புது ஆளுக்குப் புரியாது.

#19 மணிமுத்தாறு மந்திரவாதி

எங்கேஜ் பத்தி: பிரேக் விதிதான் அங்க சேத் மாதிரி ஆளுக்கு மவுசு இல்லாம ஆக்கினது. முக்கோணத்துல மேல இருக்கிற ஆயுதத்தால அடி விழுந்தா, அந்தச் சண்டையில மிச்ச நேரத்துக்கும் அடுத்த சண்டைக்கும் திருப்பி அடிக்க முடியாது. எதிரியும் நம்மளை பிரேக் பண்ணுவான். ஜாவலினோட நடுவுல நின்ன அண்ணாச்சியை ஒரு கோடாரிக்காரன் வந்து தட்டினாப் போதும், அவனுக்கும் பதிலடி இல்லை, அடுத்தவனுக்கும் இல்லை.

கவசக்காரனுக்கு மட்டும் பிரேக் கிடையாது. அதனாலதான் தொடக்கத்துல லூயி அவ்வளவு உதவி. சந்துல நிறுத்துங்க, மந்திரக்காரன் எட்டாத இடமா பார்த்து. மந்திரக் காப்பு அவனுக்கு ரொம்பக் குறைவு. வில், கத்தி, மந்திரம் மூணும் வாள்-ஈட்டி-கோடாரி முக்கோணத்துக்கு வெளிய. அதை பிரேக் பண்றது கைச்சண்டைக்காரன் மட்டும்தான்.

இன்னொண்ணு செயின் அட்டாக். பேக்கப் ரகத்து ஆள், தன் ஆயுதம் எட்டுற தூரத்துல இருக்கிற எதிரியை நம்மாள் அடிச்சா, கூடச் சேர்ந்து அடிப்பான். ஹிட் எப்பவும் 80, சேதம் எதிரியோட முழு ஹெச்பியில பத்துல ஒரு பங்கு. பலம் எவ்வளவு சொத்தையா இருந்தாலும் அதேதான். ஹெச்பி 60 பாஸுக்கு ஆளுக்கு 6. நாலு பேர் சூழ்ந்தா சராசரி 19 சும்மா கிடைக்கும், காப்பு எவ்வளவுன்னு பார்க்கவே வேண்டாம். வளர்ச்சி சரியா வராத ஆளுக்கும் ஒரு வேலை இருக்குன்னு ஆக்கினது இதுதான். சமநிலையை ஸ்டாட்டைத் தொடாமலே சரிபண்ணலாம்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தோணலை.

#20 சாரல்77

எங்கேஜ் மேடனிங்ல பதினொண்ணாவது அத்தியாயத்துல நிக்கேன். எம்பளம்ங்கிற பழைய வீரர் ஆவிகள் குடியிருக்கிற மோதிரம் எல்லாம் போச்சு, காலத்தைத் திருப்பவும் முடியலை. என்ன பண்ண?

#21 தேரடி

தப்பிக்குத மேப்புல சண்டை போடாதிய. அம்புட்டுதான்.

#22 மணிமுத்தாறு மந்திரவாதி

கொஞ்சம் விவரமா சொல்லுதேன். அந்த அத்தியாயத்துல காலத்தைத் திருப்புற டைம் கிரிஸ்டல் கிடையாது. அதனால முதல்ல பத்தாவதை முடிச்ச கையோட தனி சேவ் ஒண்ணு போட்டு வைங்க. மோதிரம் போகும்னு தெரிஞ்சிருச்சு, அதனால பத்தாவதைத் தொடங்குறதுக்கு முன்னாலயே எம்பளம் கிட்ட இருந்து எடுக்க வேண்டிய ஸ்கில் எல்லாம் எடுத்துருங்க. எடுத்த ஸ்கில் மோதிரம் போனாலும் ஆள்கிட்ட நிக்கும்.

மேப்புல பின்னால துரத்துறவங்க எம்பளம் வச்சிருக்கிற பாஸ்கள். அவங்களை அடிக்க நினைக்கவே வேண்டாம். வழியை அடைச்சு நிக்கிறவனை மட்டும் கொன்னு நகர்ந்துக்கிட்டே இருங்க. மெதுவா நடக்கிறவன், அதாவது லூயி மாதிரி ஆள், முன்னால போகணும், பின்னால இல்லை. பெரும்பாலானவங்க கவசக்காரனை வால்ல காவலுக்கு விடுதாங்க, அவன் வந்து சேர மாட்டான். வால்ல குதிரைக்காரன் நிக்கட்டும், கடைசியில ஓடி வந்துருவான். நடுவுல ஐவி வந்து லின், லூசினா மோதிரம் ரெண்டும் கொடுப்பா. லூசினாவை பேக்கப் ஆளுக்கும் லின்னை வேகக்காரனுக்கும் போடுங்க.

ஒரு கேள்வி: ஸ்மாஷ் ஆயுதம் ஏதாவது கைவசம் இருக்கா? அடிச்சா எதிரியை ஒரு கட்டம் பின்னால தள்ளும், பின்னால சுவர் இருந்தா பிரேக்கும் ஆகும். ஒத்தையடிச் சந்துல நிக்கிறவனைத் தள்ளி வழி எடுக்க அதை விட லேசான வழி இல்லை. ஆனா அந்த ஆயுதம் டபுள் அடி அடிக்காது, எதிரிக்கு அப்புறம்தான் அடிக்கும், அதனால ஹெச்பி குறைஞ்ச ஆள் கையில கொடுக்காதீங்க.

#23 சாரல்77

ஸ்மாஷ் கோடாரி ஒண்ணு இருக்கு, ஆன்னா கையில.

#24 அம்பை ஈட்டி

ஏலே, அதைப் பிடுங்கி ஹெச்பி நிறைய உள்ள கோடாரிக்காரன்கிட்ட கொடு முதல்ல.